மீனிலும் தண்ணீரிலும் பாதரசம்: கிட் வாங்கலாமா, லேபுக்கு அனுப்பலாமா, மீனை மாற்றினால் போதுமா?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலாவது, கோபிசெட்டிபாளையம் பக்கம் குழந்தை பிறந்து ஒன்றரை மாதமான ஒரு தங்கை. "அண்ணா, சுறாப்புட்டு சாப்பிட்டா பால் நல்லா ஊறும்னு அத்தை வாரத்துக்கு ரெண்டு தடவ செஞ்சு குடுக்கறாங்க. சுறாவுல மெர்க்குரி இருக்குன்னு படிச்சேன். வீட்லயே பாத்துக்கற மாதிரி கிட் ஏதாச்சும் இருக்குங்களா?" அடுத்தது, பெருந்துறைக்குத் தெற்கே தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவருடைய போர்வெல் இருக்கும் இடத்துக்கு மேட்டுப்பக்கம் பல வருடங்களுக்கு முன்னால் யாரோ லாரி லாரியாகக் கழிவு கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மூன்றாவது, பீளமேட்டில் ஜிம்முக்குப் போகும் தம்பி ஒருவர், தினமும் ஒரு டின் சூரை (டூனா) மீன் சாப்பிடுகிறவர், ரத்தத்தில் பார்ப்பதா முடியில் பார்ப்பதா என்று கேட்டார்.

கோவையில் ஒரு தண்ணீர் பரிசோதனை லேபில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதெல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. மூன்று பேருக்கும் மூன்று விதமான பதில்தான் சரி. ஆனால் மூன்று பேருமே முதலில் தேடியது ஆன்லைனில் விற்கும் சோதனைப் பட்டையைத்தான். அதனால் இருக்கிற வழிகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், எந்தப் பாதரசம் என்பது. பாதரசம் என்றதும் உடைந்த தெர்மாமீட்டரில் உருளும் வெள்ளிக் குண்டுதான் நம் கண் முன்னால் வரும், ஆனால் தண்ணீரில் கரைந்திருப்பது பெரும்பாலும் உப்பு வடிவில் உள்ள கனிமப் பாதரசம். மீனில் இருப்பதோ மெத்தில் பாதரசம். சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் கனிமப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, அதைப் பாசி எடுக்கிறது, பாசியைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் சின்ன மீன், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் அது சேர்ந்துகொண்டே போகிறது. கனிமப் பாதரசத்தை வாய்வழியாக எடுத்தால் குடல் அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். மெத்தில் பாதரசத்தை ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சும். அது மூளைக்குள் போகும், கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளியே தெரிந்த நோய் இதுதான். ஒரு வேதி ஆலையின் கழிவு வளைகுடாவில் கலந்து, மீன் தின்ற பூனைகள் முதலில் வலிப்பு வந்து செத்தன, பிறகு மனிதர்கள். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே, பிறந்த குழந்தை மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்த வீடுகள் அங்கே நிறைய. இதை எழுதும்போதே மனது கனக்கிறது. கோபித் தங்கைக்குப் பதில் சொல்லும்போது என் மனதில் ஓடியதும் அதுதான்.

இரண்டாவது அளவுகோல், எவ்வளவு சின்ன அளவு வரை அந்தச் சோதனைக்குத் தெரியும் என்பது. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 பாதரசத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1 மைக்ரோகிராம். கனிமப் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 6 மைக்ரோகிராம் என்கிறது, அமெரிக்கா 2 என்கிறது, நம்முடையது அவற்றைவிடக் கறார். 1 மைக்ரோகிராமைப் பார்க்க முடியாத எந்தக் கருவியும் குடிதண்ணீருக்கு உதவாது.

மூன்றாவது, விடை வந்த பிறகு நாம் என்ன செய்யப் போகிறோம். விடை எப்படி வந்தாலும் அதையேதான் செய்யப் போகிறோம் என்றால் அந்தக் காசு வீண். நான்காவது செலவு. சோதனைக் கட்டணம் அதில் ஒரு பகுதிதான். பாட்டில், ஐஸ் பெட்டி, போக வர ஆகும் ஒரு நாள், தப்பான ரிப்போர்ட்டால் வரும் பொய்யான நிம்மதி, இவை எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான செலவு.

## வழி 1: வீட்டில் வைத்துப் பார்க்கும் பட்டையும் கிட்டும்

பட்டையில் ஒரு சாயம் இருக்கும், தண்ணீரில் கரைந்த பாதரச அயனி பட்டால் நிறம் மாறும். இதில் மூன்று சிக்கல்கள். ஒன்று, வாங்கும் முன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிற அட்டையைப் பாருங்கள், பூஜ்யத்துக்கு அடுத்த கட்டம் எத்தனை என்று. அது 0.001க்கு மேலே இருந்தால், வரம்பைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாதரசம் இருந்தாலும் பட்டை "இல்லை" என்று சொல்லிவிடும். இரண்டு, இந்தச் சாயங்கள் பலவும் செம்பு, ஈயம் மாதிரி மற்ற உலோகங்களுக்கும் நிறம் மாறக்கூடியவை. அது போக, குளோரைடு பாதரசத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் தங்க நுண்துகள், டிஎன்ஏ இழை, ஒளிரும் சாயம் எல்லாம் வைத்து அருமையான உணரிகள் செய்கிறார்கள், அந்த வேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சுத்தத் தண்ணீரில் வேலை செய்வது வேறு, அவினாசியில் ஆயிரம் அடி போரில் வரும் தண்ணீரில் வேலை செய்வது வேறு.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். பட்டைக்கு மீனில் உள்ள பாதரசம் தெரியவே தெரியாது. மெத்தில் பாதரசம் மீன் சதையின் புரதத்தில் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மீன் கழுவிய தண்ணீரில் பட்டையை நனைத்தால் அது வெளியே வராது. 2018இல் கேரளாவில், கெடாமல் இருக்க மீனில் பார்மலின் ரசாயனம் கலந்த பிரச்சினை வந்தபோது கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பார்மலினுக்கும் அம்மோனியாவுக்கும் உருவாக்கிய பட்டை கிட் பயன்பட்டது, கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு இருந்தது. அதையே பாதரசத்துக்கும் ஆகும் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகாது. பார்மலின் மேலே தெளித்தது, பாதரசம் மீன் உயிரோடு இருக்கும்போதே சதையாக ஆனது.

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பற்றியும் கேட்கிறார்கள். ஆர்ஓ போட வருபவர் கையில் வைத்திருக்கும் பேனா மாதிரி மீட்டர் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) கணக்கில் எண் காட்டும், பாதரசத்தின் வரம்பு 0.001 பிபிஎம். வரம்பைப் போல் ஆயிரம் மடங்கு பாதரசம் கலந்தாலும் 1200 என்று காட்டுகிற இடத்தில் 1201 காட்டினால் பெரிது.

எப்போது பட்டை சரி? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும்போது. இல்லை, தொழிற்சாலைக் கழிவுநீர் போல மிக அதிகமாக இருக்க வாய்ப்புள்ள இடத்தில், எந்த வாய்க்காலில் இருந்து சாம்பிள் எடுப்பது என்று முதலில் கழித்துக்கட்ட. குடிக்கும் தண்ணீருக்கும் மீனுக்கும் நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டேன்.

## வழி 2: தண்ணீரை லேபுக்கு அனுப்புவது

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு கொடுத்தும் ஏமாறுவது இங்கேதான் அதிகம்.

லேபில் இரண்டு முறைகள் பிரதானம். முதலாவது கோல்ட் வேப்பர் என்று லேப்காரர்கள் சொல்லும் குளிர் ஆவி முறை. அறை வெப்பத்திலேயே தனிமமாக ஆவியாகும் உலோகம் பாதரசம் மட்டும்தான், அந்தக் குணத்தை வைத்தே அதைப் பிடிக்கிறார்கள். தண்ணீரில் ஸ்டானஸ் குளோரைடு சேர்த்தால் கரைந்திருந்த பாதரசம் ஆவியாகி மேலே வரும், அதை ஒரு குழாய்க்குள் ஊதி 253.7 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால் எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு பாதரசம். நன்றாகச் செய்தால் லிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் வரை பார்க்கலாம், நம் வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. இதையே ஒளிர்வு முறையில் அளக்கும் கருவிகள் அதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமாகப் பார்க்கும், அது ஆராய்ச்சிக்குத் தேவை, வீட்டுக்குத் தேவையில்லை.

இரண்டாவது ஐசிபி எம்எஸ், பிளாஸ்மாவின் கடும் வெப்பத்தில் விட்டு உலோகங்களை எடை வைத்துப் பிரித்து அளக்கும் கருவி. ஒரே ஓட்டத்தில் பாதரசம், ஈயம், ஆர்சனிக், காட்மியம், குரோமியம் எல்லாம் வந்துவிடும். ஆனால் பாதரசம் கருவியின் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும் சாதி, முன்னால் ஓடிய சாம்பிளின் மிச்சம் அடுத்த சாம்பிளில் தலை காட்டும். அதைத் தவிர்க்கக் கொஞ்சம் தங்கக் கரைசல் சேர்த்து ஓட்டுவது நல்ல லேபின் பழக்கம். பாதரசம் ஒன்றுதான் சந்தேகம் என்றால் குளிர் ஆவி போதும். பெரியவரின் போர் மாதிரி என்ன கழிவு கொட்டினார்கள் என்றே தெரியாத இடத்தில் ஐசிபி எம்எஸ்தான் சரி.

மறைந்த செலவு பாட்டிலில் இருக்கிறது. அமிலம் சேர்க்காத தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்தால் பாதரசம் பாட்டில் சுவரில் ஒட்டும், கொஞ்சம் ஆவியாகியும் போகும், நாளாக நாளாக ரிப்போர்ட்டில் வரும் எண் குறைந்துகொண்டே போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் குளிர்பான பாட்டிலில் பிடித்து ஒரு வாரம் காரில் வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்தார். வாங்கி ஓட்டி, வரம்புக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சில மாதம் கழித்து மூத்தவர் ஒருவர் சொல்லி, முறையான பாட்டிலில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது வரம்பைத் தாண்டியிருந்தது. அந்தச் சில மாதம் அந்த வீட்டில் என் கையெழுத்தை நம்பிக் குடித்தார்கள். இன்னும் அது என்னை உறுத்துகிறது, அதனால்தான் இதைப் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்: பாட்டிலை லேபிலிருந்தே வாங்குங்கள், நைட்ரிக் அமிலம் விட்ட கண்ணாடி பாட்டில் கொடுப்பார்கள், உள்ளே இருக்கும் அமிலத்தைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

அப்புறம் ரிப்போர்ட்டில் வரும் "பிடிஎல்" என்ற மூன்று எழுத்து. கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று அர்த்தம். எந்த எல்லை என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். லேபின் எல்லை 5 மைக்ரோகிராம் என்றால், 4 இருந்தாலும் பிடிஎல் என்றுதான் வரும், அது வரம்பைப் போல் நான்கு மடங்கு. இதை யாரும் கேட்பதில்லை. லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் முத்திரை இருந்தால் போதும் என்று நினைக்கிறோம், அதுவும் அரைகுறை, ஏனென்றால் என்ஏபிஎல் அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. அந்த லேபின் அங்கீகாரப் பட்டியலில் "குடிநீரில் பாதரசம்" என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட லேபில் கொடுத்தால் டிடிஎஸ், கடினத்தன்மை, நைட்ரேட், ஃப்ளூரைடு போன்றவை குறைந்த செலவில் தெரிந்துவிடும், ஆனால் அந்த வழக்கமான பட்டியலில் பாதரசம் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் போர் தண்ணீரைப் பாதரசத்துக்குப் பார்க்க வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். நம்ம பக்கம் முதல் தொந்தரவு உப்பும் கடினத்தன்மையும் நைட்ரேட்டும், சேலம் தர்மபுரிப் பக்கம் ஃப்ளூரைடும். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாயக்கழிவில் முதலில் தெரிவது உப்புதான். பழைய கழிவுக் கிடங்கு, ரசாயன ஆலை, பாதரசம் புழங்கும் பட்டறை, குழல்விளக்கு உடைக்கும் குடோன் இவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால், ஆமாம், ஒரு தடவையாவது பாருங்கள். வரம்பைத் தாண்டினால் கொதிக்க வைப்பது பலன் தராது. ஆர்ஓவும், தரமான செயலூட்டிய கரி வடிகட்டியும் பாதரசத்தைக் குறைக்கும், ஆனால் போட்ட பிறகு வெளிவரும் தண்ணீரையும் ஒரு தடவை அனுப்பிப் பார்க்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: மீனை லேபுக்கு அனுப்புவது

முறை எளிது. சுமார் 0.1 கிராம் சதையை நேரடிப் பாதரசக் கருவியில் வைத்தால் அது எரித்து, வரும் ஆவியைத் தங்கத்தில் பிடித்து, சூடாக்கி விடுவித்து, சில நிமிடங்களில் எண் கொடுத்துவிடும். மெத்தில் பாதரசத்தைத் தனியாகப் பிரித்து அளக்கும் சோதனையும் உண்டு, அதற்கு விலை அதிகம். பெரிய வேட்டை மீன்களின் சதையில் உள்ள பாதரசத்தில் பெரும்பகுதி மெத்தில்தான் என்பதால், மொத்தப் பாதரசம் பார்த்தாலே போதும்.

சிக்கல் வேறு இடத்தில். நீங்கள் அனுப்பிய மீனைப் பற்றித்தான் ரிப்போர்ட் பேசும், அடுத்த வாரம் பொன்னானியிலிருந்தோ ராமேஸ்வரத்திலிருந்தோ லாரியில் வரும் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ரிப்போர்ட் வருவதற்குள் அந்த மீன் குழம்பாகிவிட்டிருக்கும்.

இன்னொன்று, சட்ட வரம்பு. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சாதாரண மீனுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றும், சுறா, சூரை போன்ற வேட்டை மீன்களுக்கு 1 மில்லிகிராம் என்றும் வைத்திருக்கிறது. ஒரு சுறா 0.9 வந்தால் மொத்தப் பாதரசக் கணக்கில் அது பாஸ். ஆனால் விற்கலாம் என்பதும் பால் கொடுக்கும் அம்மா வாரம் இரண்டு தடவை சாப்பிடலாம் என்பதும் ஒன்றல்ல.

அதனால் இந்த வழி யாருக்கு என்றால், ஒரே இடத்தில் மொத்தமாக வாங்குபவர்களுக்கு. ஹாஸ்டல் மெஸ், ஹோட்டல், மீன் ஊறுகாய் போடுகிறவர், ஏற்றுமதியாளர். வீட்டுக்கு வேண்டாம்.

## வழி 4: உடம்பில் பார்ப்பது

ரத்தம், முடி, சிறுநீர் மூன்றும் மூன்று கேள்விக்கு விடை.

மீன் வழியாக வந்ததா என்றால் ரத்தமோ முடியோ. மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும், ஆகவே ரத்தம் கடந்த சில மாதத்தைக் காட்டும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும், வளரும்போதே பாதரசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பின்னந்தலையில் தோலை ஒட்டி வெட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி மூன்று மாதக் கணக்கு. கர்ப்ப காலத்தில் எந்த மாதம் அதிகமாகப் போனது என்றுகூட அதில் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. முடிக்குக் கிராமுக்கு 1 மைக்ரோகிராம், ரத்தத்துக்கு லிட்டருக்கு 5.8 மைக்ரோகிராம், இவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பாதுகாப்பான அளவுக்கு ஈடாகச் சொல்லப்படும் எண்கள். அதைக் கொஞ்சம் தாண்டினால் நோய் என்று அர்த்தமில்லை, மீனை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். சாயம் அடித்த, ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடி சரிவராது.

சிறுநீர், கனிமப் பாதரசத்துக்கும் ஆவியாக மூச்சில் போனதற்கும். நகைப் பட்டறையில் பாதரசம் கையாளுபவர், முகம் வெளுக்கும் கிரீம் பூசுபவர், ரசமணியை (பாதரசத்தைக் கட்டிச் செய்த மணி) தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பவர் இவர்களுக்கு இதுதான். 2023இல் மலப்புரத்தில் வெளுக்கும் கிரீம் பூசிச் சிறுநீரகம் பாதித்தவர்களைக் கண்டுபிடித்த செய்தி நினைவிருக்கலாம். மீன் மட்டுமே சந்தேகம் என்றால் சிறுநீரில் பார்த்துப் பலனில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். உலோகத்தை வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் சிறுநீர் எடுத்து, சாதாரண ஆட்களின் அளவோடு ஒப்பிட்டு, "பாருங்க எவ்வளவு இருக்கு" என்று காட்டி வைத்தியத்துக்கு இழுப்பார்கள். மருந்து கொடுத்தால் யாருக்கும் எண் ஏறும். அந்த ஒப்பீடே தப்பு.

## வழி 5: சோதிக்காமல் மீனை மாற்றுவது

ஒரு கணக்குப் போடலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு வைத்த வார வரம்பு, உடல் எடை கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 96. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல வருடம் அளந்து வெளியிட்ட சராசரியில் சுறா கிலோவுக்கு 0.979 மில்லிகிராம், மத்தி 0.013, நெத்திலி 0.016, இறால் 0.009, ஜிலேபி மீன் 0.013. அங்கே பிடித்த மீன்களின் எண்தான், நம் கடல் மீனில் அப்படியே இருக்காது, ஆனால் எது மேலே எது கீழே என்ற வரிசையைத் தீர்மானிப்பது உணவுச் சங்கிலி, அது எந்தக் கடலிலும் ஒன்றுதான். 200 கிராம் சுறாவில் ஏறக்குறைய 196 மைக்ரோகிராம், ஒரே சாப்பாட்டில் இரண்டு வார ஒதுக்கீடு தீர்ந்தது. 200 கிராம் மத்தியில் 2.6. ஒரு தட்டு சுறாவுக்குச் சமமாக எழுபத்தைந்து தட்டு மத்தி சாப்பிட வேண்டும். குழந்தைக்கு 15 கிலோ என்றால் வார வரம்பு 24 மைக்ரோகிராம், ஐம்பது கிராம் சுறா அதைப்போல் இரண்டு மடங்கு.

எந்த லேபும் இல்லாமல் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவர முடிகிறது என்பதால்தான் வீட்டுக்கு இந்த வழியை முதலில் வைக்கிறேன்.

ஆகவே மத்தி, நெத்திலி, அயிலை, இறால், அணை மீனில் ஜிலேபி, கட்லா, ரோகு இவற்றைத் தாராளமாக வாங்கலாம். (மத்திக்கு மலையாளத்தில் சாளை என்றும் பெயர், நம்ம கொங்குப் பக்கம் தோட்டத்து வீட்டைச் சொல்லும் சாளையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சுறா, கொப்பரன், பெரிய சூரை இவற்றைக் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் குழந்தைகளும் விட்டுவிடுவது நல்லது. வஞ்சரம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்கப் பட்டியலில் தவிர்க்கச் சொல்லும் கிங் மேக்கரலும் நம் வஞ்சரமும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே இனம் இல்லை. இதுவும் வேட்டை மீன்தான் என்பதால் ஆள் உயர மீனில் வெட்டிய துண்டைவிடச் சின்ன வஞ்சரம் மேல், அதுவும் எப்போதாவது. அணை மீனிலும் ஆற்று வாளை, விரால் இரண்டும் வேட்டைக்காரர்கள், மேட்டூரில் வாங்கினாலும் ஆழியாறில் வாங்கினாலும் பெரிய வாளையைவிடச் சின்ன ஜிலேபி நல்லது.

மறைந்த செலவு இதிலும் உண்டு. பயந்துபோய் மீனையே நிறுத்திவிடுவார்கள், அது பெரிய நஷ்டம். குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 மீனில்தான் எளிதாகக் கிடைக்கிறது. இன்னொரு நஷ்டம், சமையலில் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை. தோலை உரித்தாலும், கொழுப்பை எடுத்தாலும், புளியில் ஊறவைத்தாலும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் மெத்தில் பாதரசம் போகாது.

இந்த வழி தோற்கும் இடமும் ஒன்று இருக்கிறது, மாசுபட்ட நீர்நிலை. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கொடை ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. குடிநீர் வரம்பு 1000 நானோகிராம். வெறும் தண்ணீர் ரிப்போர்ட்டாகப் பார்த்தால் பாஸ். ஆனால் அந்தப் பாதரசத்தில் ஒரு பங்கு மெத்திலாக மாறியிருந்தது, மீனிலும் சேர்ந்திருந்தது. தண்ணீர் பாஸ் ஆனதால் அதில் வளரும் மீனும் பாஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் சின்ன மீன் பெரிய மீன் என்று பார்க்காமல் மீனையே லேபில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அங்கே பிடிக்கவே கூடாது.

## ஒரே பார்வையில்

| வழி | எதைக் காட்டும் | 1 மைக்ரோகிராம் வரம்பை எட்டுமா | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பட்டை, கிட் | தண்ணீரில் அயனி மட்டும் | பெரும்பாலும் நம்ப முடியாது | பொய் நிம்மதி | பள்ளிச் செய்முறை, கழிவுநீர் முதல் பார்வை |
| டிடிஎஸ் மீட்டர் | மொத்த உப்பு | எட்டாது | அதே பொய் நிம்மதி | பாதரசத்துக்கு யாருக்கும் இல்லை |
| தண்ணீர், குளிர் ஆவி | மொத்தப் பாதரசம் | எட்டும் | பாட்டில், அமிலம், பயணம் | பாதரசம் மட்டும் சந்தேகம் உள்ளவர் |
| தண்ணீர், ஐசிபி எம்எஸ் | பல உலோகங்கள் | எட்டும், லேபின் எல்லையைக் கேட்க வேண்டும் | முந்தைய சாம்பிளின் மிச்சம் | என்ன கழிவென்றே தெரியாத இடம் |
| மீன், லேப் | அந்த ஒரு மீன் | மீனுக்கு வரம்பு வேறு, அதை எட்டும் | ரிப்போர்ட்டுக்குள் மீன் தீர்ந்துவிடும் | மொத்தமாக வாங்குபவர் |
| ரத்தம், முடி | மீன் வழியாக வந்தது | பொருந்தாது | சாயம் அடித்த முடி | தினமும் பெரிய மீன் சாப்பிட்டவர் |
| சிறுநீர் | கனிமப் பாதரசம், ஆவி | பொருந்தாது | மருந்து கொடுத்து எடுக்கும் சோதனை | பட்டறை, கிரீம், ரசமணி |
| மீனை மாற்றுவது | ஒன்றும் காட்டாது, அளவைக் குறைக்கும் | பொருந்தாது | பயந்து மீனை நிறுத்துவது | எல்லா வீடும் |

## அந்த மூன்று பேருக்கும்

பீளமேட்டுத் தம்பிக்கு ரத்தப் பரிசோதனை ஒரு தடவை எடுக்கச் சொன்னேன், ஒரு வருடமாகத் தினமும் ஒரு டின் என்பதால். டின்னில் வரும் சின்ன வகைச் சூரைக்கும் பெரிய வகைக்கும் வித்தியாசம் உண்டு, அமெரிக்க எண்ணில் முதலாவது கிலோவுக்கு 0.126 மில்லிகிராம், அல்பகோர் என்ற பெரிய வகை 0.350. ரிப்போர்ட் வரும்வரை வாரம் இரண்டு டின்னோடு நிறுத்திவிட்டு மீதி நாள் மத்தி, முட்டை, கொண்டைக்கடலை என்று மாற்றச் சொல்லிவிட்டேன்.

பெரியவருக்கு ஐசிபி எம்எஸ். லேபுக்குப் போன் பண்ணும்போது நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: பாதரசத்துக்கு உங்கள் கண்டறியும் எல்லை எவ்வளவு, அது என்ஏபிஎல் பட்டியலில் இருக்கிறதா, பாட்டிலும் அமிலமும் நீங்கள் தருவீர்களா, ரிப்போர்ட்டில் எல்லையை எண்ணாக எழுதித் தருவீர்களா. முதல் லேபில் முதல் கேள்விக்கே "பாத்துச் சொல்றோங்க" என்றார்களாம், இரண்டாவது இடத்தில் உடனே 0.2 மைக்ரோகிராம் என்றார்கள், அங்கேதான் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட் வரும்வரை பேரப்பிள்ளைகளுக்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர்.

கோபித் தங்கைக்கு ஒரு சோதனையும் வேண்டாம் என்றேன், சுறாவை மட்டும் நிறுத்தினால் போதும். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாடாக இருந்தது, மருமகளுக்காகக் காலையில் எழுந்து மீன் வாங்கி வேகவைத்து உதிர்த்து நல்லெண்ணெயில் தாளிக்கும் மனுஷியிடம் இது விஷம் என்றா சொல்ல முடியும்? நான் அத்தையிடமே பேசினேன். சுறாவில்தான் பால் ஊறும் என்றில்லைங்க, குழந்தை குடிக்கக் குடிக்க ஊறும், அம்மாவுக்குச் சத்து வேண்டும் அவ்வளவுதான், அதே பூண்டு அதே சின்ன வெங்காயம் போட்டு ஜிலேபியிலோ மத்தியிலோ புட்டுச் செய்யலாமுங்க என்றேன். "மத்தியில முள்ளு நெறைய தம்பி, உதுக்க நேரமாகும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, பவானிசாகர் மீன் கொண்டுவருகிறவர் செவ்வாய்க்கிழமை வருவார், அவரிடம் ஜிலேபி சொல்லி வைக்கிறேன் என்றார்.